ஜல்லிக் குவியலில் தொடங்குங்கள்: பாறை, கனிமம், பூமியின் அடுக்குகள்

கேள்வி இதுதான்: "பாறை, கனிமம், பூமியின் அடுக்குகள் பற்றி அடிப்படையிலிருந்து கற்க நினைக்கிறேன். புத்தகம் படித்தால் பெயர்கள் மட்டும் மனதில் நிற்கின்றன. யாராவது ஒரு கல்லைக் கையில் கொடுத்தால் என்ன கல் என்று சொல்லத் தெரியவில்லை. எந்த வரிசையில் படிப்பது?"

வரிசையில்தான் கோளாறு. பெரும்பாலான பாடப்புத்தகங்கள் பூமியின் அடுக்குகளில் தொடங்கி, மூன்று வகைப் பாறைகளுக்கு வந்து, கனிமங்களைக் கடைசியில் ஒரு பட்டியலாகப் போட்டு முடித்துவிடும். தலைகீழாகப் போங்கள். முதலில் கனிமம், பிறகு பாறை, அடுக்குகள் கடைசியில். கனிமத்தைக் கையால் சோதிக்கலாம். பாறையை லென்ஸ் வைத்துப் படிக்கலாம். அடுக்குகளை யாரும் பார்த்ததில்லை, எல்லாம் கணக்குதான். அந்தக் கணக்கின் முதல் வரியை மட்டும் வீட்டுத் தராசிலேயே போட்டுப் பார்க்க முடியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். தமிழில் கனிமம், தாது இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டு எழுதுகிறோம். கனிமம் என்றால் இயற்கையில் உண்டான திடப்பொருள். அதற்கென்று ஒரு வேதிச் சேர்மானம், அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய படிக அமைப்பு இருக்கும். தாது என்பது தொழில் சொல்: வெட்டி எடுத்தால் கட்டுப்படியாகிற கனிமமோ பாறையோ தாது. பாறை என்பது கனிமங்களின் கூட்டு. மிக்சரில் காராபூந்தி, ஓமப்பொடி, கடலை எல்லாம் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கருங்கல் துண்டிலும் தனித்தனிக் கனிமங்கள் தெரியும். "இந்தக் கல் எவ்வளவு கடினம்?" என்று கேட்டால் பதில் வராது, அதில் உள்ள எந்த மணி (கனிமத் துகள்) என்று கேட்க வேண்டும். தொடக்கத்தில் நடக்கிற பாதித் தவறுகள் இங்கேதான்.

இதுவரை 6,000க்கும் மேற்பட்ட கனிம வகைகள் பெயர் பெற்றுள்ளன. பயப்பட வேண்டாம். குவார்ட்ஸ், இரண்டு வகை ஃபெல்ஸ்பார், இரண்டு வகை மைக்கா, ஆம்பிபோல், பைராக்சீன், கால்சைட், கார்னெட், மேக்னடைட் - இந்தப் பத்தும் கண்ணில் பட்டால் தெரியும் என்ற நிலை வந்துவிட்டால் தமிழ்நாட்டில் காலில் இடறுகிற கற்களில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். காரணம் எளிது: பூமியின் வெளி அடுக்கான புவியோட்டின் எடையில் ஏறக்குறைய 46 சதவீதம் ஆக்சிஜன், 28 சதவீதம் சிலிக்கான். எந்தக் கல்லை உடைத்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டும் வேறு சில தனிமங்களோடு கைகோத்த சிலிக்கேட்டுகள்தான்.

மாதிரிக் கல்லுக்கு எங்கே போவது? மலைக்குப் போக வேண்டியதில்லை. வீடு கட்டுகிற இடத்தில் கொட்டிக் கிடக்கிற ஜல்லிக் குவியல் போதும், கேட்டு எடுங்கள். மலையில் கிடக்கிற கல்லின் மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் சிதைந்து பழுப்பேறியிருக்கும். கனிமங்களின் உண்மை நிறம் தெரியாது. ஜல்லி என்பது கிரஷரில் உடைத்த கல். எல்லாப் பக்கமும் புது முகம். முக்கால் ஜல்லியை விட்டுவிட்டு ஒன்றரை ஜல்லியாகப் பத்துத் துண்டு எடுங்கள். கழுவிக் காய வைத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்டில் ஒரு பொட்டு வைத்து அதன் மேல் எண் எழுதுங்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே, எடுத்த இடம், தேதி, குவியலில் கிடந்ததா அல்லது பாறையிலிருந்தே பெயர்ந்ததா என்பது. இடம் எழுதாத கல் வெறும் கல்தான். மூன்று மாதம் கழித்து அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ரயில் பாதையோரக் கல்லை நம்ப வேண்டாம், எந்த ஊர்க் குவாரியிலிருந்து வந்ததோ.

அடுத்து 10 மடங்கு பெரிதாக்குகிற கை லென்ஸ். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற மடக்கு லென்ஸ்தான். பலர் லென்ஸைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள், புருவத்தில் இடிக்கிற அளவுக்கு. பிறகு கல்லைத் தூக்கிக் கண்ணருகே கொண்டு வாருங்கள், ஏறக்குறைய 2.5 செ.மீ. தூரத்தில் தெளிவாகும். வெயில் கல்லின் மேல் விழ வேண்டும், உங்கள் தலை நிழல் விழக்கூடாது.

இப்போது ஒரு ஜல்லித் துண்டை லென்ஸுக்குக் கீழே வைத்து மெதுவாகத் திருப்புங்கள். சில மணிகள் ஒரு கோணம் வந்ததும் கண்ணாடித் துண்டு மாதிரிப் பளிச்சென்று மின்னி, அடுத்த நொடி அணைந்துவிடும். அது ஃபெல்ஸ்பார். அது தட்டையான தளங்களாகப் பிளக்கும். இரண்டு தளங்கள் ஏறக்குறைய 90 பாகையில் சந்திக்கும். வேறு சில மணிகள் எப்படித் திருப்பினாலும் மின்னாமல், எண்ணெய் தடவியது போல மங்கலாக, உடைந்த சோடா பாட்டிலின் வளைந்த விளிம்பு போலத் தெரியும். அது குவார்ட்ஸ், நம் ஊரில் வெங்கச்சாங்கல் என்பது இதன் பெரிய வெள்ளைக் கட்டிதான். பாறைக்குள் இருக்கும்போது குவார்ட்ஸ் பெரும்பாலும் வெள்ளையாகத் தெரியாது, சாம்பல் நிறமாகத் தெரியும். ஒளி ஊடுருவுகிற கனிமம் என்பதால் பின்னால் இருக்கிற இருட்டையே நமக்குக் காட்டுகிறது. வெள்ளையாக இருப்பதை எல்லாம் குவார்ட்ஸ் என்று எழுதுகிறவர்கள் அநேகமாக ஃபெல்ஸ்பாரைத்தான் சொல்கிறார்கள்.

கருப்பாக மின்னுகிற செதில் இருந்தால் குண்டூசி முனையால் நெம்பிப் பாருங்கள். மெல்லிய தாளாக உரிந்து, வளைத்தால் திரும்ப நிமிர்ந்தால் அது பயோடைட் மைக்கா. வெள்ளை மைக்காவுக்குக் காக்காப்பொன் என்று பெயர். பெயரிலேயே ஏமாற்று இருக்கிறது. செதிலாக உரியாமல் கருப்பாக, கட்டை கட்டையாக இருந்தால் ஆம்பிபோல் அல்லது பைராக்சீன். பிளவுத் தளங்கள் ஏறக்குறைய 56, 124 பாகையில் சாய்ந்து வெட்டினால் ஆம்பிபோல். செங்கோணத்துக்கு அருகே வெட்டினால் பைராக்சீன். சிறு மணியில் இதைப் பார்ப்பது பழகியவர்களுக்கே சிரமம். தொடக்கத்தில் "கருங்கனிமம்" என்று எழுதிவிட்டு நகர்வது தவறில்லை. தெரியாத பெயரை ஊகித்து எழுதுவதுதான் தவறு.

கடினத்துக்கு மோஸ் அளவுகோல் உண்டு. ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்தது: டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளோரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. இது தரவரிசை மட்டுமே, அளவு இல்லை. வைரம் குருந்தத்தைவிட ஒரு படிதான் மேலே என்றாலும் உண்மையில் பல மடங்கு கடினம். வீட்டுக் கருவிகள்: நகம் 2.5, தாமிரம் 3, கண்ணாடியும் சாதாரணக் கத்தியும் 5.5, எஃகு அரம் 6.5. வெளிநாட்டுப் புத்தகங்கள் தாமிர நாணயத்தால் கீறச் சொல்லும். இப்போது நம் கையில் புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் எவர்சில்வர். அதை வைத்துக் கீறினால் முடிவு தப்பாகிவிடும். மின்சார வயரின் உறையை உரித்தால் கிடைக்கிற கனத்த தாமிரக் கம்பிதான் சரியான மாற்று.

கீறல் சோதனையில் மூன்று இடத்தில் தவறு நடக்கும். மென்மையான பொருள் கடினமானதன் மேல் தேய்ந்து பொடியாக ஒட்டிக்கொண்டு கோடு மாதிரித் தெரியும். ஈர விரலால் துடைத்தால் பொடி போய்விடும், உண்மையான கீறல் போகாது. இரண்டாவது, சிதைந்த மேற்பரப்பைக் கீறுவது: ஃபெல்ஸ்பார் சிதைந்தால் வெள்ளைக் களிமண்ணாக மாறும், நகமே பாய்ந்துவிடும். மூன்றாவது, மணற்கல்லைக் கீறிவிட்டு "மென்மையான கனிமம்" என்று எழுதுவது. அங்கே கத்தி குவார்ட்ஸ் மணியைக் கீறவில்லை, மணிகளை ஒட்டியிருந்த காரையைப் பெயர்த்திருக்கிறது.

பொடி நிறச் சோதனைக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். மெருகேற்றாத வெள்ளைப் பீங்கான் வேண்டும், அவ்வளவுதான். உடைந்த வெள்ளை டைல்ஸின் விளிம்பில் உடைந்த பகுதியோ, பீங்கான் கிண்ணத்தின் அடியில் பளபளப்பில்லாத வளையமோ போதும். இரும்புத் தாதான ஹேமடைட் வெளியே வெள்ளி மாதிரி இருந்தாலும் சிவப்பாகத்தான் கோடு போடும், மேக்னடைட் கருப்பு. பைரைட் பொன் போல மின்னும், கோடு மட்டும் பச்சை கலந்த கருப்பு. குவார்ட்ஸைத் தேய்த்தால் வருகிற வெள்ளைப் பொடியைக் குவார்ட்ஸின் பொடி என்று நினைக்க வேண்டாம். பீங்கான்தான் தேய்ந்து கொட்டுகிறது.

அமிலச் சோதனைக்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. கால்சைட் இருந்தால் நுரைக்கும். அடங்கிய நுரைதான், லென்ஸில் பார்த்தால் சிறு குமிழ்கள் வரிசையாக எழும். கால்சைட்டின் உறவான, மக்னீசியம் கலந்த டாலமைட் கட்டியாக இருந்தால் கம்மென்று இருக்கும், பொடித்தால் கொஞ்சம் நுரைக்கும். கோலமாவில் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் வகைப் பொடி. சும்மா இருந்தால் வெங்கச்சாங்கல்லோ மாக்கல்லோ, அதை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துச் சொல்லலாம். வழுக்கினால் மாக்கல், நறநறத்தால் வெங்கச்சாங்கல். கடப்பா கல் அலமாரியில் எலுமிச்சை சிந்தினால் மங்கலான தழும்பு விழுவதும் இதே காரணத்தால்தான். அது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். பாத்ரூம் கழுவுகிற ஆசிடை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். புகை மூச்சை அடைக்கும். பிளீச்சிங் பவுடர் பட்டுவிட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

இனி தராசு. இந்தப் பதிலில் ஒரே ஒரு சோதனை செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு மக் தண்ணீர், தையல் நூல். 250 கிராமுக்குக் குறையாத கல்லாக எடுத்து, காய்ந்த நிலையில் எடை போட்டு எழுதுங்கள். பிறகு தண்ணீர் மக்கைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது. 265 கிராம் கல்லுக்குத் தராசு 100 காட்டினால் 2.65, அது குவார்ட்ஸின் அடர்த்தி.

கல் அடியில் பட்டுவிட்டால் அதன் எடையில் ஒரு பங்கும் தராசில் ஏறி, விடை குறைந்துவிடும். செம்புராங்கல், செங்கல் மாதிரித் துளை உள்ளவை தண்ணீரை உறிஞ்சும். விடை ஓடிக்கொண்டே இருக்கும். சின்னக் கல்லும் உதவாது. 15 கிராம் ஜல்லி ஒதுக்குவது ஐந்தரை கிராம் தண்ணீர். ஒரு கிராம் துல்லியத் தராசு 5 என்றும் காட்டலாம், 6 என்றும் காட்டலாம். விடை 3.0 அல்லது 2.5. கிரானைட்டுக்கும், கருப்புப் பாறையான டாலரைட்டுக்கும் உள்ள வேறுபாடே அவ்வளவுதான், அது இங்கே காணாமல் போய்விடும்.

பத்துக் கற்களைப் போட்டுப் பார்த்தால் கிரானைட் வகை 2.6 முதல் 2.8க்குள் வரும், டாலரைட் 3.0ஐ ஒட்டி நிற்கும், சேலத்தை அடுத்த கஞ்சமலைப் பக்கத்து மேக்னடைட் குவார்ட்ஸைட் (மேக்னடைட்டும் குவார்ட்ஸும் சேர்ந்த பாறை) 3ஐ நன்றாகத் தாண்டும். இந்த எண்களை நோட்டில் வட்டமிட்டு வையுங்கள், கடைசியில் வேண்டும்.

பாறைகளுக்கு வருவோம். அக்னிப் பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்ற மூன்றும் பிறந்த விதத்தின் பெயர்கள். கையில் உள்ள கல்லில் பிறந்த விதம் எழுதியிருக்காது. மணிகளின் அளவும் அமைப்பும்தான் சாட்சி. மணிகள் ஒன்றோடொன்று பற்களைப் போலக் கவ்விக்கொண்டு, எந்தத் திசையும் இல்லாமல் இருந்தால் உருகிய குழம்பு குளிர்ந்தது. மணிகள் உருண்டையாக, இடையில் காரை வைத்து ஒட்டியிருந்தால் படிவு. மணிகள் கவ்வியிருக்கின்றன, ஆனால் வரிவரியாக ஒரே திசையில் படுத்திருக்கின்றன என்றால் உருமாற்றம். விதிவிலக்கு நிறைய உண்டு. தொடக்கத்துக்கு இது போதும்.

குழம்பு மெதுவாகக் குளிர்ந்தால் மணி பெரிது, விரைவாகக் குளிர்ந்தால் சிறிது. பூமிக்கு அடியில் பல ஆயிரம் ஆண்டு எடுத்து ஆறியது கிரானைட். வெளியே ஓடி ஆறியது பசால்ட். பாடப்புத்தகப் படத்தில் எப்போதும் எரிமலையும் பசால்ட்டும் இருக்கும். தக்காணத்துப் பசால்ட் குழம்பு தமிழ்நாட்டுக்குள் வரவில்லை, அதனால் இங்கே தேடினால் கிடைக்காது. அதன் பங்காளியான டாலரைட்டைப் பார்க்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய பாறையைக் கத்தியால் கீறி நிரப்பியது போலக் கருப்புச் சுவர்களாக ஓடும். கடையில் "பிளாக் கிரானைட்" என்று சமையல் மேடைக்கு விற்பது பெரும்பாலும் இதுவோ, மணி பெரிதான இதன் உறவுக் கல் கேப்ரோவோதான். கிரானைட் என்றால் குவார்ட்ஸ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இதில் அநேகமாக இல்லவே இல்லை. கடைக்காரரோடு வாதாட வேண்டாம். மெருகேறுகிற கடினக் கல் எல்லாம் அவருக்குக் கிரானைட்தான்.

படிவுப் பாறைக்கு அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் தெற்கே இல்லை. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் அங்கே வரை வந்து நின்றது. சிமென்ட் ஆலைகள் தோண்டுகிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடலடிச் சேறும் சிப்பியும்தான். காரை கிராமத்து ஓடைகளில் களிமண்ணுக்கு நடுவே ஜிப்சத் தகடுகளும், கணவாய் போன்ற கடலுயிரியான பெலம்னைட்டின், துப்பாக்கிக் குண்டு வடிவப் புதைபடிவங்களும் பார்க்கலாம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்தது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடக்கிற கல்மரங்கள் அதைவிட மிக இளையவை, சுமார் 2 கோடி ஆண்டு. மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டதால் வளையம் தெரியும், கத்தி ஏறாது. இரண்டு பூங்காக்களிலும் பார்க்கலாம், தொடலாம், எடுத்து வரக்கூடாது.

இரண்டு பெயர்ப் பொறிகள். சேலத்தில் வெள்ளைக்கல் என்பது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். வெள்ளையாக இருந்ததைப் பார்த்து ஆங்கிலேயர் அந்தக் குன்றுகளுக்குச் சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். அங்கே சுண்ணக்கட்டி ஒரு துண்டும் கிடையாது. குளிர்ந்த வினிகரில் அது நுரைக்காது, அதிலேயே பொய் வெளிப்படும். அந்த வெள்ளை நரம்புகள் ஓடுகிற பச்சை கலந்த கனமான பாறை டூனைட், ஆலிவின் கனிமத்தால் ஆனது. அதையும் நினைவில் வையுங்கள், பூமிக்கு உள்ளே போகும்போது தேவைப்படும். மற்றது செம்புராங்கல். 1807இல் பிரான்சிஸ் புக்கானன் கேரளத்து அங்காடிப்புரத்தில் பார்த்து லேட்டரைட் என்று பெயரிட்டார். மூன்று வகையில் எதிலும் இதை அடைக்க முடியாது. வேறு பாறை சிதைந்து, கரையக்கூடியது எல்லாம் மழையில் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய எச்சம் அது.

உருமாறிய பாறைக்குச் சென்னைக்காரர்கள் எங்கும் போக வேண்டாம். பரங்கிமலையும் பல்லாவரமும் சார்னகைட். உலகம் முழுக்க இந்தப் பாறைக்கு இந்தப் பெயர்தான், பெயர் பிறந்தது இங்கே எடுத்த கல்லால். கல்கத்தாவில், அந்நகரை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். 1900இல் இதைப் பற்றிய பெரிய ஆய்வுரையும் வெளியிட்டார். புதிதாக உடைந்த முகத்தில் குவார்ட்ஸ் நீலம் கலந்த சாம்பலாகவும், ஃபெல்ஸ்பார் எண்ணெய்ப் பச்சையாகவும் இருக்கும். மொத்தத்தில் எண்ணெய்க் கை பட்ட கருங்கல் மாதிரி. வெளித்தோல் மட்டும் பழுப்பு. நீங்கள் எடுத்தது சென்னைப் பக்கத்து ஜல்லி என்றால், பத்தில் பல துண்டுகள் இதுவாகவே இருக்கும்.

இதில் மைக்கா அரிது, பைராக்சீன் உண்டு. மைக்காவுக்கும் ஆம்பிபோலுக்கும் உள்ளே தண்ணீர் கட்டப்பட்டிருக்கிறது. 700 பாகைக்கு மேல் சூடேறி, கடும் அழுத்தமும் சேர்ந்தால் அவை உடைந்து தண்ணீரை விட்டுவிட்டுப் பைராக்சீனாக மாறும். அந்த வெப்பமும் அழுத்தமும் ஒருசேர அமைவது 20 கிலோமீட்டருக்கும் கீழே. 3.7 கிலோமீட்டர் கனப் பாறை மேலே உட்கார்ந்தால் அடியில் ஏறக்குறைய 1,000 வளிமண்டல அழுத்தம். இந்தப் பாறைகள் காட்டுவது ஆறு, ஏழாயிரத்துக்கு மேல். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, பரங்கிமலைப் படிக்கட்டில் ஏறுகிறவர்கள் சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் புவியோட்டின் அடிப்பகுதியாக இருந்த ஒன்றின் மேல் ஏறுகிறார்கள். மேலே இருந்தது அரித்துப் போய்விட்டது. அரித்துப் போனதில் குவார்ட்ஸ் மணலானது, ஃபெல்ஸ்பார் களிமண்ணானது. கார்னெட், இல்மனைட் (டைட்டானியம் தாது) போன்ற கனமான மணிகளைக் கடலலை பிரித்துத் தெற்குக் கரையில் சிவப்பும் கருப்புமாகப் படிய வைத்திருக்கிறது. அந்தக் கரு மணலில் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓட்டினால் மேக்னடைட் மட்டும் ஒட்டும், இல்மனைட் பெரும்பாலும் தங்கிவிடும். மணவாளக்குறிச்சி மணலில், கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட் கனிமமும் உண்டு. அங்கே பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வீட்டுக்கு அள்ளி வர வேண்டாம்.

இனி நோட்டில் வட்டமிட்ட எண்களை எடுங்கள். மேற்பரப்புப் பாறைகள் 2.6 முதல் 3.0. 1798இல் ஹென்றி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு ஈர்ப்பை அளந்து பூமியின் சராசரி அடர்த்தியைக் கணக்கிட்டார். இன்றைய மதிப்பு 5.51. வெளியே 2.7, சராசரி 5.5. அப்படியானால் உள்ளே எங்கோ இதைவிட மிகக் கனமான ஒன்று இருந்தே தீர வேண்டும். ஆழத்தில் பாறை நசுங்கி அடர்த்தி கூடும் என்பது உண்மை, ஆனால் அது மட்டும் போதாது. இரும்பு மையம் வேண்டும் என்ற வாதத்தின் வேர் இதுதான், அதன் ஒரு பாதியை நீங்களே மக் தண்ணீரில் அளந்துவிட்டீர்கள்.

மறு பாதி நில அதிர்வு அலைகள். துளைத்துப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. ரஷ்யாவின் கோலாவில் 1970இல் தொடங்கித் துளைத்த ஆழம் 12,262 மீட்டர்தான், பூமியின் ஆரத்தில் 0.2 சதவீதம்கூட இல்லை. அடியில் சுமார் 180 பாகை வெப்பம், அதோடு நின்றது.

நில அதிர்வில் முதலில் வருவது பி அலை. அது நெருக்கி நெருக்கிப் போகும், திடம், திரவம் இரண்டிலும் செல்லும். அடுத்து எஸ் அலை; அது குறுக்கே அசைத்துப் போகும், திரவத்துக்குள் செல்லாது. 1897 அசாம் நிலநடுக்கத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்து ஆராய்ந்த ஆர். டி. ஓல்டாம் இந்த அலைகளைப் பதிவுகளில் பிரித்துக் காட்டினார். 1906இல் பூமிக்கு நடுவே கருவம் உண்டு என்று அலைகளை வைத்தே சொன்னார். 1909இல் குரோவேஷியாவில் மொகொரோவிசிச் ஒரு புதிரைப் பார்த்தார்: தூரத்து நிலையங்களில் அலைகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தன. ஊருக்குள் நுழைந்து போகிற பஸ்ஸையும் பைபாஸில் போகிற பஸ்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் என்றால் உள்வழியே முந்தும். தூரம் கூடினால் சுற்றிப் போனாலும் பைபாஸ் முந்திவிடும். ஆழத்தில் அப்படி ஒரு வேகப் பாதை இருக்கிறது. அங்கே பாறை மாறுகிறது. அந்த எல்லைக்கு மோகோ என்று பெயர். அதற்கு மேலே புவியோடு, கீழே கவசம். கண்டங்களில் அது 35, 40 கி.மீ. ஆழத்தில், கடலடியில் 6, 7 கி.மீ.யில்.

கவசம் 2,890 கி.மீ. வரை. அதன் மேற்பகுதியின் முக்கியக் கனிமம் நீங்கள் சேலத்துக் கல்லில் பார்த்த அதே ஆலிவின். கவசம் எரிமலைக் குழம்பால் நிறைந்தது என்று எழுதுவதுதான் இந்தப் பாடத்தில் மிகப் பரவலான பிழை. அதற்குள் எஸ் அலை தாராளமாகப் போகிறது. அதனால் அது திடம். திடமாக இருந்தே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. சாலை போடுகிற தார் கட்டியைச் சுத்தியால் அடித்தால் உடையும், அதையே வெயிலில் ஒரு நாள் விட்டால் பரவி உட்காரும். அவசரப்படுத்தினால் திடம், அவகாசம் கொடுத்தால் ஒழுகும். குழம்பு என்பது கவசத்தின் மேற்பகுதியிலும் ஓட்டின் அடியிலும், அழுத்தம் குறைகிற அல்லது தண்ணீர் சேர்கிற இடங்களில் மட்டும், சிறு பங்காக உருகி வருவது.

2,890 முதல் 5,150 கி.மீ. வரை புறக்கருவம். அங்கே எஸ் அலை நின்றுவிடுகிறது. அது உருகிய இரும்பும் நிக்கலும். அதற்குள் உட்கருவம், 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன் கண்டது. கருவம் அலையை வளைத்துவிடுவதால் பி அலை வந்துசேரக் கூடாத நிழல் பகுதியில் மெலிதான பி அலைகள் பதிவாகியிருந்தன. உள்ளே ஏதோ ஒன்றில் பட்டுத் திரும்பினால்தான் அது நடக்கும் என்று கணக்கிட்டார். உட்கருவம் புறக்கருவத்தைவிடச் சூடு, இருந்தும் திடம். நடுவில் 36 லட்சம் வளிமண்டல அழுத்தம் உருகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓடு, கவசம், கருவம் என்பது பொருளை வைத்துப் பிரித்தது. பாறைக்கோளம் என்பது விறைப்பை வைத்துப் பிரித்தது. அதில் ஓடும் இருக்கும், அதன் கீழ் ஒட்டியிருக்கிற கவசத்தின் மேல்பகுதியும் இருக்கும், மொத்தம் ஏறக்குறைய 100 கி.மீ. நகர்கிற தட்டுகள் பாறைக்கோளத்தின் துண்டுகள், ஓட்டின் துண்டுகள் அல்ல. ஓட்டின் மேல், கீழ்ப் பகுதிகளுக்கு வைத்த சியால், சிமா என்ற பழைய பெயர்களைப் பாடம் கேட்டால் எழுதுங்கள். உள்ளே அப்படி உலகம் முழுக்கச் சீராக ஓடுகிற எல்லை ஒன்றும் கிடையாது.

அடுக்குகளின் படத்தைப் புத்தகத்தில் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் ஓட்டை விரல் கனத்துக்கு வரைந்திருப்பார்கள். மொட்டை மாடியில் நீங்களே வரையுங்கள், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். நூலும் நைலான் கயிறும் இழுபடும், அளவு நாடாவே நல்லது. ஒரு புள்ளியில் ஆணியை வைத்து 1.22 மீட்டர், 3.48 மீட்டர், 6.37 மீட்டர் ஆரங்களில் மூன்று வளைவுகள். இடம் போதாவிட்டால் முழு வட்டம் வேண்டாம், பீட்சாத் துண்டு மாதிரி ஒரு கூறு போதும். முதல் வளைவுக்குள் உட்கருவம், இரண்டாவதுக்குள் புறக்கருவம், மூன்றாவது தரைமட்டம். கண்டத்து ஓட்டுக்கு வெளிவிளிம்பிலிருந்து 4 செ.மீ. உள்ளே ஒரு வளைவு. கோலா துளை 12 மி.மீ. எவரெஸ்ட் விளிம்புக்கு வெளியே 9 மி.மீ. பரங்கிமலைச் சார்னகைட் உருவான இடத்துக்கு விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்குச் சற்று உள்ளே ஒரு புள்ளி. தரைமட்ட வளைவை மட்டும் சாக்பீஸால் போடாமல் கூரான பென்சிலால் போடுங்கள். சாக்பீஸ் கோட்டின் கனமே கடலடி ஓட்டை விழுங்கிவிடும்.